பலாலி வன்னிக்கும் சொந்தமான ஏயர்போர்ட்தான்

பலாலி என்றதும் எல்லோரும் யாழ்ப்பாணத்துக் கதையாகவே சொல்கிறார்கள். வன்னியில் இருக்கிற கிளிநொச்சிக்காரருக்கும் கிட்ட இருக்கிற சர்வதேச விமான நிலையம் அதுதான், அதனால் என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

முன்பு சென்னைக்குப் போக வேண்டும் என்றால் கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையம்தான். வான் பிடித்து ஏ9 வீதியால் இரவிரவாக ஓடி, விடியப்புறம் போய் இறங்கும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், வருத்தக்காரரை ஏற்றிக்கொண்டு போவது அதைவிடக் கொடுமை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பலாலியால்தான் போனோம். வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டு, பரந்தன், ஆனையிறவு, கொடிகாமம் என்று பகல் வெளிச்சத்தில் ஓடி, பின்னேரம் சென்னையில் நின்றோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் வட்டக்கச்சியைச் சேர்ந்த ஒரு ஐயா நின்றார். போருக்கு முன் பலாலியில் இருந்து மெட்ராசுக்குப் போய் வந்தவராம், அந்த ஆவ்ரோ விமானத்தைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, பின்னால் நின்ற பெடியளும் கிட்ட வந்து கேட்டார்கள். பலாலிக்கு உண்மையிலேயே பெரிய வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான எயர் சிலோனின் முதல் பயணமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இருந்து இங்கே வந்து, பிறகு மெட்ராசுக்குப் போனதுதான். அப்புறம் போர் வந்தது, சுற்றியிருந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்தது, பலாலி அவர்களின் காணிகளோடு சேர்த்துப் படைத்தளமாகவே போயிற்று.

1998 செப்டெம்பர் 29-ஐ விட்டுவிட்டு இந்த இடத்தின் கதையைச் சொல்லக்கூடாது. பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் அன்டனோவ் விமானம் 55 பேரோடு கடலில் விழுந்தது. சிதைவுகள் இரணைதீவுக் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012-ல்தான். அத்தனை வருடமும் அந்தக் குடும்பங்கள் எதை நம்பி இருந்திருக்கும்? இரணைதீவு எங்கள் மாவட்டம், அது எங்கள் கடல்.

2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச நிலையமாகத் திறந்தார்கள், சில மாதங்களிலேயே கொரோனா வந்து சென்னைச் சேவை நின்றுவிட்டது. 2022 டிசம்பர் 12-ல்தான் அலையன்ஸ் எயர் திரும்பி வந்தது, 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. வருவது ஏடிஆர் ரக விமானம், இரண்டு பக்கமும் காற்றாடி, எழுபது சொச்சம் பேர் போகலாம். சூட்கேஸ் நிறையில் கவனம். தராசுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பெட்டியைத் திறந்து காயவைத்த பனங்கிழங்கு ஒடியலையும் பனம்பழப் பனாட்டையும் மோர்மிளகாயையும் வெளியில் எடுத்து, எதை விட்டுப் போவது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு நின்றது. கடைசியில் சாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒடியலைக் கொண்டு போனார்கள். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம்.

திரும்பி வரும்போது பக்கத்துச் சீட்டில் ஒரு அக்கா. 1990-ல் தாய் தகப்பனோடு பேசாலையில் இருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர், தமிழ்நாட்டு முகாமிலேயே வளர்ந்து கலியாணமும் முடித்தவர். நெடுங்கேணியில் இருக்கும் தாய்வழிக் காணியைப் பார்க்க வருகிறார். ஒன்றேகால் மணித்தியாலப் பயணத்தில் கடல் முழுவதும் பேசாமலே இருந்தார், கரை தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் இருக்கும் மாமா ஒருவர் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர். சென்னையில் இருந்து வந்து இறங்கும்போது சீட்டை மாற்றிக் கேட்டு ஜன்னலோரம் இருந்தாராம். “தம்பி, அந்தக் கிணத்தடிப் பனையளைப் பார்க்கலாம் எண்டு நினைச்சன், ஒண்டையும் மட்டுக்கட்டேலாமல் போச்சு” என்றார். ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும், எங்களுக்கும் வசதிதான், எனக்கும் அதில் ஆசை இருக்கிறது. ஆனால் அவரைப் போல முப்பது வருடத்துக்கு மேல் காத்திருக்கிறவர்களின் காணிக்கு முதலில் நேரான பதில் வேண்டும். அவர்களை ஒதுக்கிப் போட்டுவிட்டு வளர்கிற நிலையத்தை நான் வளர்ச்சி என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வன்னியில் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. வான் பிடிக்க வசதி இல்லாவிட்டால் காங்கேசன்துறை ரயிலில் ஏறித் தெல்லிப்பழையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம், நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வழியாக ஒரு பஸ் விட்டால், முல்லைத்தீவுச் சனமும் மாங்குளத்தில் வந்து ஏறும். அதைக் கேட்டு மனு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.