மலையடியில் ஒரு ஏரிக்கரை

மீனா அக்கா: அப்பா, போன வருஷம் நீங்கள் அமெரிக்காவுக்கு வந்தபோது இங்கே நாம் நடந்த பாதையை எங்கள் வீட்டுப் பக்கமும் நீட்டப்போகிறார்கள். சனிக்கிழமை மண் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள், பெயர் கொடுத்துவிட்டேன்.

அப்பா: அருங்காட்சியகத்துக்குப் பின்னால் போகுமே, அதுவா?

மீனா அக்கா: அதேதான். பான்வில் ஷோர்லைன் பாதை.

சித்தப்பா: ஷோர்லைன் என்றால் கரை. சால்ட் லேக் சிட்டி மலையில் ஏது கரை?

அப்பா: நானும் அங்கே நின்று இதைத்தான் கேட்டேன் தம்பி. சரிவில் திண்ணை கட்டியதுபோல் ஒரே மட்டத்தில் ஒரு மேடை போகிறது. பழைய ஏரியின் அலை அரித்த தடமாம்.

மீனா அக்கா: பான்வில் ஏரி, சித்தப்பா. இப்போதுள்ள உப்பு ஏரி அதன் மிச்சம். அந்தக் கரை இதைவிட ஏறக்குறைய 1,000 அடி மேலே. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கே ரெட் ராக் கணவாயில் உடைப்பெடுத்து வெள்ளமாக ஓடியது. நாங்கள் வீடு கட்டிக் குடியிருப்பதே அந்த ஏரிக்குள்தான்.

சித்தப்பா: அடேயப்பா! பாதை எவ்வளவு தூரம்?

மீனா அக்கா: வடக்கே இடாஹோ மாநில எல்லையிலிருந்து தெற்கே நீஃபை ஊர் வரை 280 மைல் திட்டம். 100 மைலுக்கு மேல் முடிந்திருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக.

நான்: 1990களில் ஆரம்பித்தது இன்னும் ஏன் இழுக்கிறது?

மீனா அக்கா: சில இடங்களில் சட்டப்படி ஒதுக்கிய காடு குறுக்கே வருகிறது. அதற்குள் சைக்கிள் போகக்கூடாது. 2022 கடைசியில் சட்டம் போட்டு 326 ஏக்கரை விடுவித்தார்கள். பதிலுக்கு மில் கிரீக் பள்ளத்தாக்கில் அதே அளவு நிலத்தைக் காட்டோடு சேர்த்தார்கள்.

அப்பா: இடத்துக்கு இடம். நியாயம்.

அம்மா: மீனா, உன் கொல்லைப்பக்கம் மான் வருமே, அதெல்லாம் எங்கே போகும்?

மீனா அக்கா: எனக்கும் அதுதான் உறுத்துகிறது அம்மா. மேலே பனி மூடினால் அவை தீனிக்கு இந்த அடிவாரத்துக்குத்தான் இறங்கும். அந்த நேரத்தில் நாய் துரத்தினால், ஓடியே உடம்பில் இருக்கும் கொஞ்சக் கொழுப்பும் கரைந்துவிடும். குளிர்காலத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது இல்லாமல் பாதை வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நான்: தெருக்காரர்கள் சம்மதித்தார்களா?

மீனா அக்கா: எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தன் வாசலை அடைத்துக் கார் நிறுத்துவார்களோ என்று பயம். அவர் பயம் சரிதான். ஏறி இறங்க ஒரே இடம் இருந்தால் கூட்டம் அங்கேதான் சேரும். பாதை தொடர்ந்து போனால் நாலு இடத்தில் பிரியும். வண்டி நிறுத்தத் தனி இடமும் கேட்டிருக்கிறோம்.

அப்பா: பாதையை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வெட்டுங்கள் அம்மா. தண்ணீர் குறுக்கே வடிந்துவிட வேண்டும். பாதையோடு ஓடினால் இரண்டு மழையில் வாய்க்காலாகிவிடும்.

மீனா அக்கா: இங்கேயும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் அப்பா. சனிக்கிழமை வெட்டியதும் படம் அனுப்புகிறேன், சாய்வு போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.