புதுப்பிப்பு: மணலி சூடுநீர்த் தொட்டி, அடாப்டிவ் எம்பிசி வால்வு ஆட்டம்

போன பதிவின் கேள்வி: 10 விநாடிக்கு ஒரு சாம்பிள் (அளவீடு), தொட்டியின் கணித மாடலை வைத்து முன்கூட்டியே கணித்து வால்வை இயக்கும் எம்பிசி, அந்த மாடலின் அளவுருக்களைச் சாம்பிளுக்குச் சாம்பிள் திருத்தும் ஆர்எல்எஸ் மதிப்பீடு. வெப்பநிலை சில மணி நேரம் அசையாமல் நின்றபின் வால்வு ஏன் திடீரென்று கூத்தடிக்கிறது?

காரணம் பிடிபட்டது. ஆர்எல்எஸ்-இல் பழைய சாம்பிள்களின் எடையைப் படிப்படியாகக் குறைக்கும் மறதிக் காரணி 0.98 என்றால் நினைவில் நிற்பது சுமார் 50 சாம்பிள்தான். உள்ளீடான வால்வு அசையாதபோது பழைய தகவல் கரைகிறது, புதியது வருவதில்லை. கோவேரியன்ஸ் (மதிப்பீட்டில் உள்ள ஐயத்தின் அளவு) ஊதிப்போய், சின்ன இரைச்சலுக்கே மாடல் தடம் புரள்கிறது.

இப்போது காரணி 0.995, அதாவது 200 சாம்பிள். உள்ளீடு அசைந்துகொண்டே இருக்க, வால்வு கட்டளையில் ±3% பிஆர்பிஎஸ் (தற்செயல் போல மேலும் கீழும் தாவும் சிக்னல்) சேர்த்தேன்: 31 பிட், பிட்டுக்கு 3 சாம்பிள், 93-இல் ஒரு சுற்று. நினைவுக்குள் அடங்கிவிடும். முதலில் வைத்த ±1% வீண். கடலோர உப்புக்காற்றில் வால்வுத் தண்டு இறுகி 2% வரை நகரவே இல்லை. கட்டளை ஆடியது, தண்ணீர் ஆடவில்லை.

எம்பிசிக்கு வால்வு எல்லை 0–100 கொடுத்தால் ஓரத்தில் பிஆர்பிஎஸ் வெட்டுப்படும், 3–97 கொடுங்கள். ஆர்எல்எஸ்-க்குப் போக வேண்டியது கணக்கிட்ட கட்டளை அல்ல, வால்வின் உண்மை நிலை.

செட்பாயின்ட்டை (வேண்டிய வெப்பநிலையை) மாற்றினால் போதாதா என்று கேட்டவருக்கு: ஒரு படி மாற்றம் ஓர் அளவுருவுக்குத்தான் நீடித்த தூண்டல் (அளவுருவைக் கண்டறியப் போதுமான அசைவு). இங்கே தேட வேண்டியவை இரண்டு.