மூன்று தடவை கட்டிய காசுக்கு ஆண்டு வட்டி எவ்வளவு?

சுன்னாகம் பெடியன்:
அம்மா ஒரு சேமிப்புத் திட்டத்தில் 2020 தை, 2021 தை, 2022 தை என்று ஒவ்வொரு இலட்சமாகக் கட்டி, 2023 தையில் 370,000 ரூபாய் கைக்கு வந்தது. இலாபம் 70,000ஐ 300,000ஆல் பிரித்து, அதை மூன்றாலும் பிரித்தால் ஆண்டுக்கு 7.8 சதவீதம்தான் வருகிறது, மாமாவோ 11க்குக் கிட்ட வரும் என்கிறார். கொப்பியில் க³ + க² + க = 3.7 வரைக்கும் எழுதிவிட்டேன் (க என்பது 1 + வட்டி வீதம்). இருபடி என்றால் சூத்திரம் தெரியும், இதை எப்படித் தீர்ப்பது?

கொக்குவில் ரீச்சர்:
தம்பி, சமன்பாடு சரி, 7.8தான் பிழை. கடைசி இலட்சம் ஒரே ஒரு வருடம்தான் அங்கே கிடந்தது, நீர் அதையும் மூன்று வருடம் கிடந்த காசாக எண்ணிவிட்டீர். ஒன்று 3 வருடம், ஒன்று 2, ஒன்று 1, ஆக 70,000ஐ 600,000ஆல் பிரியும்: 11.67. இது எளிய வட்டி. கூட்டு வட்டியில் வட்டிக்கும் வட்டி ஏறுவதால் அதே தொகைக்குக் குறைந்த வீதமே போதும், எனவே விடை இதற்குக் கீழேதான். 1.1 போட்டுப் பாரும், 1.331 + 1.21 + 1.1 = 3.641, காணாது. 1.11 போட்டால் 3.7097, கூடிவிட்டது. குறைந்த 0.059ஐ இடைவெளி 0.0687ஆல் பிரித்தால் 0.86, ஆகவே 10.86 சதவீதம். முப்படிக்கும் சூத்திரம் இருக்கிறது, ஆனால் பத்து வருடம் கட்டினால் படி பத்தாகிவிடும், ஐந்தாம் படிக்கே பொதுச் சூத்திரம் கிடையாது என்று 1824இல் நோர்வேக் கணிதர் ஆபெல் நிறுவிவிட்டார். இப்படிக் கிட்டக்கிட்டப் போய்ப் பிடிக்கப் பழகுவதுதான் நல்லது.

திருநெல்வேலி கணக்காளர்:
ரீச்சர் சொன்னது சரி. எக்செலில் ஒரு நிரலில் -100000 மூன்று தடவை, கீழே 370000 போட்டு ஐஆர்ஆர் (இப்படியான ஆண்டு வீதத்தைக் கண்டுபிடித்துத் தரும் கட்டளை) கொடுத்தாலும் அதே 10.86 வரும். காசு போனதும் வந்ததும் ஒரே ஒரு தடவைதான் குறி மாறுகிறது, அதனால் நேர் விடை ஒன்றுதான். இடையில் எடுத்து, பேந்து திரும்பப் போட்டிருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகூட வரலாம், அப்போது கவனம் வேண்டும். இன்னொன்று, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 10.86 கிடைத்தும் அந்தக் காசுக்கு முன்பு வாங்கிய அளவு அரிசி வாங்க முடியாமல் போனது அதனால்தான்.

சுன்னாகம் பெடியன்:
நன்றி ரீச்சர், நன்றி அண்ணா. அம்மாவிடம் கொப்பியைக் காட்டினேன், பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து வந்து, இரண்டாவது இலட்சம் 2021 தையில் இல்லை, ஆடியில்தான் கட்டினது என்கிறார்!

கொக்குவில் ரீச்சர்:
அப்படியென்றால் நடுவில் உள்ள க²இல் படி 2ஐ வெட்டிவிட்டு, 1.5 ஆக்கும், அந்தக் காசு ஒன்றரை வருடம்தானே கிடந்தது. 1.11க்கு 3.647, 1.12க்கு 3.710. விடை 11.84 சதவீதம். எக்செலில் பார்ப்பதானால் திகதிகளையும் பக்கத்தில் போட்டு எக்ஸ்ஐஆர்ஆர் கொடும், ஐஆர்ஆர் சம இடைவெளிக்குத்தான் சரிவரும்.