முள் சிக்கிய இசைத்தட்டு: சின்ன பட்ஜெட் போர்க்கால ஒற்றர் படங்களில் மனதை விட்டுப் போகாத காட்சி எது?

ரீல்பெட்டி

ஜர்னி இன்டூ ஃபியர், 1943, ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ. கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். டைட்டிலுக்கு முன்னால் வரும் அந்த அறை. கேமரா வெளியிலிருந்து மெல்ல மேலேறி ஒரு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது. குண்டான ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி. அவன் பாட்டுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் கிராமபோன். ஊசி ஒரு கீறலில் மாட்டிக்கொண்டு அதே துண்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. எந்த மனிதனும் எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைப்பான். இவன் சீவுகிறான்.

இவன் கொலைகாரன் என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

அந்தக் கொலைகாரன் பானட்டாக வரும் ஜாக் மாஸ் நடிகரே இல்லை, இயக்குநர்-நடிகர் ஆர்சன் வெல்ஸின் வரவுசெலவு பார்த்தவர். படம் முழுக்க ஒரு வரி வசனம் கிடையாது. கடைசியில் கொட்டும் மழையில் ஹோட்டல் சுவர் விளிம்பில் அவர் துப்பாக்கியோடு நகரும்போது எதிரி நாயகன் ஜோசப் காட்டன் இல்லை, நனைந்து மங்கிய மூக்குக்கண்ணாடிதான். முதல் காட்சியில் காட்டிய கண்ணாடி கடைசிக் காட்சியில் வேலைக்கு வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 78 சுற்றுத் தட்டு ஒரு முறை சுற்ற 0.77 வினாடி. ஊசி சிக்கினால் அந்த முக்கால் வினாடிதான் திரும்பும். படங்களில் ஒரு முழு அடி பாட்டு அழகாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது எடிட்டிங் மேசையில் ஒட்டிய ஒலி, ஊசி செய்தது இல்லை. அடுத்த முறை எந்தப் படத்தில் வந்தாலும் எண்ணிப் பாருங்கள்.

உங்களுக்கு எது?

கோவர்தெரு

வெல்ஸ் பெயர் இருக்கும் ஆர்.கே.ஓ. படத்தைச் சின்ன பட்ஜெட் என்றால் மோனோகிராம்காரன் கல்லறையிலிருந்து எழுந்து வந்து சிரிப்பான். சின்ன பட்ஜெட் என்றால் மோனோகிராம், பி.ஆர்.சி. மாதிரி குட்டிக் கம்பெனிப் படம். ஒரு மணி நேரம் சொச்சம் ஓடும், இரட்டைக் காட்சியில் பெரிய படத்துக்கு முன்னால் போட்டுத் தள்ளுவார்கள்.

என் ஓட்டு பிளாக் டிராகன்ஸ். பேர்ல் ஹார்பர் 1941 டிசம்பர், இந்தப் படம் 1942 மார்ச்சிலேயே தியேட்டரில். ஜப்பானிய உளவாளிகளின் முகத்தை அறுவைச் சிகிச்சையில் அமெரிக்கத் தொழிலதிபர்களின் முகமாக மாற்றுகிறார் மருத்துவராக வரும் பெலா லுகோசி. நம்பவே முடியாத கதை, ஜப்பானியரைக் காட்டும் விதமும் இன்று பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒரு விஷயம் ஒட்டிக்கொள்கிறது. வாஷிங்டனில் மூடிக் கிடக்கும் ஜப்பான் தூதரகப் படிக்கட்டில் ஒரு பிணம், கையில் ஜப்பானியக் குத்துவாள். கொஞ்ச நேரம் கழித்து அதே படிக்கட்டில் இன்னொரு பிணம். பிறகு இன்னொன்று. தூதரகத்துக்கு உள்ளே கேமரா போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. நாலு படியும் ஒரு கதவும் இருந்தால் ஒரு நாட்டின் தூதரகம் ரெடி.

சொதப்பல் எங்கே என்றால், யார், எதற்கு, எப்படி என்ற மொத்த விளக்கத்தையும் கடைசிச் சில நிமிடத்தில் ஃபிளாஷ்பேக்காகக் கொட்டுகிறார்கள். அதுவரை லுகோசி மாடிப்படியில் ஏறி இறங்குவதுதான் கதை.

மிளகுப்பொடி

வென்ட் த டே வெல்?, பிரிட்டனின் ஈலிங் ஸ்டூடியோ, 1942. கிராமத்துத் தபாலாபீஸ் அம்மா மிஸஸ் காலின்ஸ்.

பிரிட்டிஷ் சிப்பாய் வேஷத்தில் வந்த ஜெர்மன்காரன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இந்த அம்மா மிளகுப்பொடியை அவன் கண்ணில் வீசிவிட்டு விறகுக் கோடரியால் ஒரே போடு. அது இல்லை நான் சொல்ல வந்தது. அடுத்த அரை நிமிடம். டெலிபோன் போர்டுக்கு ஓடிப்போய்ப் பக்கத்து ஊர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிறார். அங்கே இருக்கும் பெண்ணுக்கு லைன் வந்திருப்பது தெரிகிறது. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று தோழியோடு அரட்டையைத் தொடர்கிறாள். கதவு திறக்கிறது, துப்பாக்கிமுனைக் கத்தி. அரட்டை முடித்து அவள் லைனை எடுக்கும்போது மறுமுனையில் ஆள் இல்லை.

சிலிர்ப்புக்கு ஒரு காசு செலவில்லை. ஒரு சுவிட்ச்போர்டு, ஒரு சோம்பேறித்தனம்.

இன்னொன்று, துப்பு கிடைக்கும் விதம். சீட்டாட்டக் கணக்குத் தாளில் 7 என்ற எண்ணின் நடுவே கோடு போட்டிருக்கும். ஐரோப்பாவில் அப்படித்தான் எழுதுவார்கள், ஆங்கிலேயன் எழுத மாட்டான். அப்புறம் வியன்னா பெயர் போட்ட ஒரு சாக்லேட். ஒற்றர் கதை எழுத நினைப்பவர்கள் இந்த இரண்டையும் மனப்பாடம் பண்ண வேண்டும்.

தீப்பெட்டி221பி

கோவர்தெரு சார், பட்ஜெட் என்பது கம்பெனி பெயரில் மட்டும் இல்லை. 1942 மே மாதம் அமெரிக்க அரசின் போர் உற்பத்தி வாரியம் ஒரு உத்தரவு போட்டது: ஒரு படத்தின் செட்டுக்குப் புதிதாக வாங்கும் பொருள் 5,000 டாலருக்கு மேல் போகக்கூடாது. பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி எல்லாருக்கும் ஒரே கத்தரிக்கோல். பழைய செட்டைத் திருப்பிப்போட்டு வண்ணம் அடித்து ஓட்டினார்கள். மேற்குக் கரையில் விளக்குக் கட்டுப்பாடு வேறு, ராத்திரியில் வெளியே படம் எடுப்பது பெரும்பாடு. இருட்டு என்பது பாணி மட்டும் இல்லை, செட் இல்லாத மூலையை மறைக்கும் போர்வை.

என் காட்சி: ஷெர்லாக் ஹோம்ஸ் இன் வாஷிங்டன், 1943, யுனிவர்சல். ரகசிய ஆவணத்தை மைக்ரோஃபிலிமாக்கி ஒரு தீக்குச்சி அட்டைக்குள் வைத்திருக்கிறார்கள். ரயிலில் அதை வைத்திருப்பவர், ஆபத்து நெருங்குவது தெரிந்ததும், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணிடம் தள்ளிவிடுகிறார். பிறகு விருந்தில் அந்த அட்டை கை மாறுகிறது. ஒருத்தர் சிகரெட் பற்ற வைக்கிறார், தட்டில் போடுகிறார், இன்னொருத்தர் எடுக்கிறார். எதற்காக ஆளைக் கடத்துகிறார்களோ அது அவர்கள் விரலிடுக்கிலேயே இருக்கிறது. வில்லன் ஜார்ஜ் ஜூக்கோ அதே அட்டையில் குச்சி கிழித்துப் பைப் பற்ற வைக்கும்போது பார்ப்பவருக்குக் கை பரபரக்கும்.

அட்டை ஒவ்வொரு முறை கைமாறும்போதும் கேமரா அதையே பின்தொடர்கிறது, ஆட்களின் முகத்தை இல்லை. ஒரு தடவை பார்வையிலிருந்து தவறவிட்டிருந்தாலும் மொத்த விளையாட்டும் போச்சு.

ரீல்பெட்டி

5,000 டாலர் கணக்கு சரி, ஆனால் என் படத்துக்குப் பொருந்தாது. ஜர்னியின் முக்கியப் படப்பிடிப்பு 1942 மார்ச்சிலேயே முடிந்தது, உத்தரவு மே மாதம். கோவர்தெருவின் பிளாக் டிராகன்ஸும் அப்படியே. அந்த இருட்டுக்கு அரசாங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் வாஷிங்டனுக்கு மட்டும் செல்லும்.

கோவர்தெரு

பிளாக் டிராகன்ஸ் இருட்டுக்குக் காரணம் உத்தரவும் இல்லை, பாணியும் இல்லை. காசு இல்லை, அவ்வளவுதான்.

நாலாவதுபிரதி

ஷெர்லாக் ஹோம்ஸ் அண்ட் த சீக்ரெட் வெப்பன். வில்லன் மோரியார்ட்டி ஹோம்ஸை மேசையில் கட்டிப்போட்டுச் சொட்டுச் சொட்டாக ரத்தம் வடிக்கிறார். இந்தச் சாவு யோசனையைக் கொடுப்பதே ஹோம்ஸ்தான், நேரம் வாங்க. கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது: 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. 2 லிட்டர் போக 40,000 சொட்டு. வினாடிக்கு ஒன்று என்றால் 11 மணி நேரம். வாட்சன் நிதானமாக டீ குடித்துவிட்டே வரலாம்.

இந்தப் படத்தைத் தேடிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். அமெரிக்காவில் அப்போது பதிப்புரிமை 28 வருடம், அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். யுனிவர்சல் எடுத்த 12 ஹோம்ஸ் படங்களில் நான்கு புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமை ஆயின. இதுவும் அதில் ஒன்று. அதனால் இணையத்தில் நூறு பிரதி கிடக்கும், தொண்ணூறு குப்பை. எப்படிப் பிரித்தறிவது?

முதலில் நேரம். படம் 68 நிமிடம். கையில் இருப்பது 65 நிமிடம் 17 வினாடி அளவில் இருந்தால் பதற வேண்டாம், வெட்டு இல்லை. வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை ஐரோப்பிய டிவி முறைக்காக 25-இல் ஓட்டியிருக்கிறார்கள். ஹோம்ஸாக வரும் ராத்போனின் குரல் ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் ஏறிக் கேட்கும். பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்கினால் குரல் இறங்கிவிடும், சுரத்தை மாறாமல் வைக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வேகம்தான் குறையும், குரல் குறையாது. 65-க்கும் குறைவாக இருந்தால்தான் எங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்து வலது மேல் மூலை. ரீல் முடிய 8 வினாடி இருக்கும்போது ஒரு வட்டப் புள்ளி, 1 வினாடி இருக்கும்போது இன்னொன்று. ஆபரேட்டர் முதல் புள்ளியில் அடுத்த புரொஜக்டரின் மோட்டாரைப் போட்டு, இரண்டாவதில் மாற்றுவார். 35 எம்.எம்.மில் நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி ரீல் 11 நிமிடம், 2,000 அடி இரட்டை ரீல் 22 நிமிடம். முதல் புள்ளி வந்து, இரண்டாவது வராமலேயே காட்சி துள்ளினால் ரீலின் வால் அறுந்த பிரதி. ஃபிலிம் அதிகம் கிழிவது ரீலின் தலையிலும் வாலிலும்தான், மெஷினில் கோக்கும்போது கை படுவது அங்கேதானே. கிழிந்ததை வெட்டி ஒட்ட ஒட்ட வசனம் பாதியில் போய்விடும். ஒற்றர் படத்தில் துப்பு அந்தப் பாதி வசனத்தில் இருந்தால் கதையே புரியாது, நாம் எழுதியவரைத் திட்டுவோம்.

மூன்றாவது, ஆரம்பத்தில் யுனிவர்சல் சின்னத்துக்குப் பதிலாக வேறு விநியோகஸ்தர் பெயர் வந்தால் அது டிவிக்காக மாற்றிய பிரதி. பெரும்பாலும் 16 எம்.எம். வழி வந்தது, நிழலெல்லாம் தாராக உறைந்திருக்கும். கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள். இருட்டுக்குள் ஆள் நிற்பது அப்போதுதான் தெரியும்.

பதினோராயிரம் அடி

இந்த அடிக் கணக்கு நம்ம ஊரிலும் கழுத்தை நெரித்தது. 1942-இல் இந்திய அரசு ஃபிலிம் தட்டுப்பாட்டால் கதைப்படத்துக்கு 11,000 அடி, டிரெய்லருக்கு 400 அடி என்று வரம்பு போட்டது. 11,000 அடி என்றால் 2 மணி 2 நிமிடம். அதற்கு முன் தமிழ்ப் படம் 18,000 அடி சாதாரணம். மூன்று நிமிடப் பாட்டு 270 அடி தின்னும், பத்துப் பாட்டு வைத்தால் அனுமதியில் கால்வாசி போச்சு.

அந்த நெருக்கடியில் வந்த ஒற்றர் படம் பர்மா ராணி, 1945, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஜப்பானியர் பிடித்த பர்மாவில் மாட்டிக்கொள்ளும் இந்திய விமானப் படையினர், அவர்களுக்கு உதவும் ஒற்றர் ராணியாக கே.எல்.வி. வசந்தா. மறக்க முடியாதது எது என்றால், முதலாளி, தயாரிப்பாளர், இயக்குநர் எல்லாமான டி.ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரி உடுப்பை மாட்டிக்கொண்டு வில்லனாக நிற்பது. ஸ்டூடியோவில் எல்லாரையும் அதட்டுபவர் திரையிலும் அதட்டுகிறார், அலட்டலே இல்லை.

அதே ஆண்டு கே. சுப்ரமண்யத்தின் மானசம்ரக்ஷணமும் போர்ப் பிரசாரப் படம்தான். ஆனால் 1945 நவம்பரில் செங்கோட்டையில், ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் ஐ.என்.ஏ. படையினர் மீது வழக்கு தொடங்கியதும் நாட்டின் காற்றே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஜப்பானியனை வில்லனாகவும் பிரிட்டிஷ் பக்கத்து விமானியை நாயகனாகவும் காட்டினால் விசிலடிக்க ஆள் ஏது.

சின்னவிமானம்

விமானம் என்றதும் ஞாபகம். நைட் டிரெயின் டு மியூனிக், 1940. கேரல் ரீட் படம், பொம்மை மலை, பொம்மைக் கேபிள்கார் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கேலி செய்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், பொம்மை காட்டிக்கொடுப்பது வடிவத்தால் இல்லை, வேகத்தால். 16-இல் ஒரு பங்கு மாதிரி என்றால் கேமராவை நாலு மடங்கு, வினாடிக்கு 96 ஃபிரேமில் ஓட்ட வேண்டும். 4-இல் ஒரு பங்கு என்றால் இரண்டு மடங்கு போதும். அளவின் வர்க்கமூலம், அவ்வளவுதான். இதைச் செய்யாவிட்டால் விழும் பொருள் தீப்பெட்டி மாதிரி படக்கென்று விழும். வேகம் சரியாக இருந்தாலும் தண்ணீரும் நெருப்பும் மாட்டிவிடும். சொட்டையும் ஜுவாலையையும் 16-இல் ஒன்றாகச் சுருக்க முடியாதே. அதனால்தான் ரிபப்ளிக் கம்பெனியின் லைடெக்கர் சகோதரர்கள் மாதிரியைப் பெரிதாகச் செய்து, திறந்த வெளியில் நிஜ வெயிலில் எடுத்தார்கள்.

அவர்கள் வேலை பார்த்த ஸ்பை ஸ்மாஷர், 1942, 12 அத்தியாயத் தொடர்படம். 11-வது அத்தியாயக் கடைசியில் முகமூடி உடுப்போடு நாயகன் சுடப்பட்டுக் கூரையிலிருந்து விழுகிறான். வழக்கம்போல அடுத்த வாரம் "நல்லவேளை குதித்துவிட்டான்" என்று ஒரு துண்டுக் காட்சி ஒட்டுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. உடுப்புக்குள் இருந்தது இரட்டைச் சகோதரன். செத்தது செத்ததுதான்.

மிளகுப்பொடி

சின்னவிமானம் அண்ணே, அது நல்ல அடி. ஆனால் இங்கே கேட்டது மாதிரிப் பொம்மைக் கணக்கு இல்லையே.

சின்னவிமானம்

யாரும் கேட்கவில்லைதான். நாலாவதுபிரதியையும் யாரும் கேட்கவில்லை.

தீப்பெட்டி221பி

இவ்வளவு பேசியும் ராத்போன் தலைமுடியை ஒருத்தரும் தொடவில்லை. யுனிவர்சலின் முதல் மூன்று ஹோம்ஸ் படத்திலும் இரண்டு காதுப்பக்கமும் முடியை முன்னால் இழுத்து வாரிவிட்டிருப்பார்கள். வில்லன் துப்பாக்கி நீட்டும்போதும் கண் அங்கேதான் போகிறது.

ரீல்பெட்டி

பானட்டை அனுப்பலாம். சீப்பு அவனிடம் இருக்கிறது.