டூம் எடர்னலை திரும்ப ஆரம்பிக்கலாமா? பாதியில விட்டவங்க, முடிச்சவங்க ரெண்டு பேரும் சொல்லுங்க

செங்காங்_இரவு:

வணக்கம் மக்களே. 2016ல வந்த டூம், அதான் பேய்ங்களை சுட்டுத் தள்ளற அந்த கேம், எனக்கு ரொம்பப் பிடிச்சது, சூப்பர் ஷாட்கன்னை கையில எடுத்தா கடைசி வரைக்கும் கீழ வைக்காம ஆடி முடிச்சேன். அந்த ஆசையில 2020 மார்ச்ல அதோட அடுத்த பாகம் எடர்னல் வந்த உடனே வாங்கினேன். அடுத்த மாசம் சிங்கப்பூர்ல சர்க்கிட் பிரேக்கர், அதான் கொரோனா ஊரடங்கு, வெளிய போக வழியில்ல, ஆடறதுக்கு நேரம் கொட்டிக் கிடந்துச்சு, அப்படி இருந்தும் மூணாவது மிஷன் கல்டிஸ்ட் பேஸோட நிப்பாட்டிட்டேன்.

என்ன பிரச்சினைன்னா, தோட்டா நிக்கவே மாட்டேங்குது. ஷாட்கன்ல ஆரம்பத்துல மொத்தமே 16 தான், நாலு பேரை அடிக்கறதுக்குள்ள காலி, அப்புறம் ஓடு ஓடுன்னு ஓடணும், ஓடும்போதே பின்னாடி இருந்து ஒருத்தன் தீப்பந்தை எறிவான். புதுசா ஒரு பேய் வந்தா ஆட்டத்தை நிறுத்தி ஒரு பாடம் வேற நடத்தறாங்க.

இப்ப எதுக்குக் கேக்கறேன்னா, கூட வேலை பாக்கற நண்பர் எடர்னலுக்கு அப்புறம் வந்த டூம் கேமான டார்க் ஏஜஸ் முடிச்சுட்டு தினமும் எம்ஆர்டி ரயில்ல அதைப் பத்தியே பேசறாரு, எனக்கும் கை துறுதுறுன்னு இருக்கு. வீட்டுல ஜிடிஎக்ஸ் 1660 கிராஃபிக்ஸ் கார்டு தான் இருக்கு. பிள்ளை தூங்கினப்புறம் பத்து மணிக்கு மேல ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான் என் கேமிங். எடர்னலுக்கே இன்னொரு தடவை போலாமா, போனா பழைய சேவ்ல இருந்தா முதல்ல இருந்தா, எந்த டிஃபிகல்ட்டி? "ஆட ஆட பழகிடும்"னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், எதை மாத்தணும்னு தெளிவா சொன்னா நல்லா இருக்கும்.

—

தேக்கா_டெமன்:

கண்டிப்பா போங்க அண்ணே. பழைய சேவ் வேணாம், முதல்ல இருந்தே வாங்க. ஏன்னா அந்த கேம் ஒவ்வொரு சாமானா கையில குடுத்து அதை வச்சு ஆட விட்டு அப்புறம்தான் அடுத்ததைக் குடுக்கும், இத்தனை வருஷம் கழிச்சு நேரா மூணாவது மிஷன்ல போய் நின்னா எந்த விரல் எதுக்குன்னே தெரியாது.

முக்கியமான விஷயம் ஒண்ணு. தோட்டா தீர்றது உங்க ஆட்டத்துல உள்ள குறை இல்ல. வேணும்னே அப்படித்தான் செஞ்சிருக்காங்க. 2016 கேம்ல நீங்க செஞ்ச மாதிரியே தான் உலகம் பூரா செஞ்சாங்க, ஒரே துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு முடிச்சாங்க. எடர்னல்ல தோட்டாவைக் குறைச்சு வச்சதே எல்லாத்தையும் எடுத்து ஆடட்டும்னு தான். ஹெல்த் வேணும்னா அடி வாங்கி மின்னிக்கிட்டு நிக்கறவனை கிட்டப் போய் கையாலயே முடிக்கணும், அதுக்குப் பேரு குளோரி கில். ஆர்மர் வேணும்னா தோள்ல இருக்கற ஃப்ளேம் பெல்ச்சால தீ வச்சுட்டு அடிக்கணும், எரியறவன் மேல விழற ஒவ்வொரு அடிக்கும் ஆர்மர் கொட்டும். தோட்டா வேணும்னா செயின்சா. இந்த மூணும் தான் கேம், துப்பாக்கி எல்லாம் அதுக்கு அப்புறம்.

நிறைய பேர் 2016 பழக்கத்துல செயின்சாவை பெரிய ஆளுக்குன்னு எடுத்து வைப்பாங்க, எடர்னல்ல அது வேலைக்கு ஆகாது. இங்க செயின்சாவோட முதல் கட்ட பெட்ரோல் தானாவே நிரம்பிக்கிட்டே இருக்கும், அந்த ஒரு கட்டம் சின்ன ஆளுங்களுக்குப் போதும். அதனால ஓசில கிடைக்கற சாமான் அது, மறுபடி நிரம்பின உடனே யூஸ் பண்ணிடணும். சண்டையில ஸோம்பி, இம்ப் எல்லாம் செத்தாலும் செத்தாலும் திரும்ப வந்துக்கிட்டே இருக்காங்களே, எரிச்சலா இருந்திருக்கும் உங்களுக்கு. அவனுங்க உங்களைக் கொல்ல வரல, நடமாடற டாப் அப் மிஷின் அவனுங்க. பெரிய ஆளுங்க சாகற வரைக்கும் அவனுங்க வருவானுங்க, அதுக்குத்தான் வர்றானுங்க. எல்லாரையும் துடைச்சு எடுத்துட்டு தான் பெரியவன் கிட்ட போவேன்னு நின்னா ராத்திரி பூரா ஆடலாம்.

ஒரு பத்து செகண்டு எப்படி இருக்கும்னு சொல்றேன், கம்ப்யூட்டர்ல டீஃபால்ட் பட்டன் வச்சு. ஹெல்த் கம்மி, தோட்டா பூஜ்யம், எதிர்ல மூணு ஸோம்பி, மேல ஒரு காக்கோடெமன் மிதந்து வருது. ஷிஃப்ட் தட்டி ஸோம்பி பக்கம் ஒரு பாய்ச்சல், ஆர் தட்டினா மூணு பேரும் எரியறான், சி தட்டினா ஒருத்தன் ரெண்டா பொளந்து தோட்டா கொட்டும், பக்கத்துல எரியறவனை சுட்டா ஆர்மர். அப்படியே நிமிர்ந்து காக்கோடெமன் வாயைத் திறக்கும்போது ஷாட்கன்னோட ஸ்டிக்கி பாம் ஒண்ணை உள்ள போடுங்க, முழுங்கிட்டு அது மயங்கி மின்னும், ஈ தட்டினா கண்ணைப் பிடுங்கி ஹெல்த் வந்துடும். மொத்தமும் நிரம்பிடுச்சு. இது ஒரு தடவை கையில வந்துடுச்சுன்னா அப்புறம் உங்களை யாராலயும் எழுப்ப முடியாது, அப்படி ஒரு ஷியோக்கான விஷயம் அது.

அந்தப் பாடம் நடத்தற பெட்டிங்களை செட்டிங்ஸ்ல அணைக்கலாம் தான், ஆனா அணைக்காதீங்க. பெரிய ஆளுங்கள்ல நிறைய பேருக்கு ஒரு வீக் பாயிண்ட் இருக்கு, அராக்னோட்ரான் முதுகு மேல துப்பாக்கி, மேன்குபஸுக்கு ரெண்டு கை, ரெவனன்ட்டுக்கு தோள். அதை முதல்ல உடைச்சுட்டா பாதி ஆபத்து போச்சு. இதை அந்தப் பெட்டி தான் சொல்லிக் குடுக்கும்.

டிஃபிகல்ட்டி ஹர்ட் மீ பிளென்ட்டில வைங்க, அதான் ரெண்டாவது படி. நடுவுல எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், ஒண்ணும் குறைஞ்சு போகாது.

—

வார்டு_நைட்ஷிஃப்ட்:

தேக்கா தம்பி சொன்னதெல்லாம் சரி, அதுக்கு முன்னாடி உடம்பு ஒத்துக்கணும் இல்லையா. நான் நைட் ட்யூட்டி முடிச்சு வந்து ஆடற ஆளு, எடர்னல்ல முதல் அரை மணி நேரத்துலயே தலை சுத்தி குமட்டுச்சு, நிறைய பேர் "கேம் சரியில்ல"ன்னு விடறது உண்மையில இதனால தான்னு நான் நினைக்கிறேன், சொல்லத் தெரியாம சோர்வா இருக்குன்னு சொல்லிடுவாங்க.

நம்ம வீட்டு ரூமுங்க எவ்வளவு பெருசுன்னு தெரியும், மேசை சுவரோட ஒட்டி, ஸ்கிரீன் மூக்குக்கு முன்னாடி. அவ்வளவு கிட்ட உக்காந்துக்கிட்டு பார்வைக் கோணம் 90ல இருந்தா, ஜன்னல் கதவை ஒரு பக்கம் சாத்திட்டு வேகமா வண்டில போற அளவுக்கு கண்ணு குழம்பும். செட்டிங்ஸ்ல ஃபீல்ட் ஆஃப் வியூன்னு இருக்கு, 120 வரைக்கும் போகும், நான் 105ல வச்சிருக்கேன், உங்களுக்கு எது சரியோ கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க. மோஷன் பிளர் முழுசா ஆஃப். அப்புறம் பக்கவாட்டுல இருந்து வர்றவனும் கண்ணுல படுவான், பின்னாடி தீப்பந்து வாங்கறது பாதி குறையும்.

1660 கார்டுக்கு எடர்னல் ரொம்ப நல்லா ஓடும், கவலையே வேணாம், அந்த எஞ்சின் அவ்வளவு சுத்தம். கிராஃபிக்ஸை அல்ட்ராவுல வைக்கறதை விட ஒரு படி இறக்கி ஃப்ரேம் சீரா வர்ற மாதிரி வைங்க, தலை சுத்தறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதே கார்டுல டார்க் ஏஜஸ் ஓடாது தெரியுமா? அதுக்கு ரே டிரேசிங், அதாவது வெளிச்சம் நிஜத்துல விழற மாதிரி கணக்குப் போடற வசதி, உள்ள கார்டு கட்டாயம் வேணும். அதனால நண்பர் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டு வாங்கிடாதீங்க.

சாப்பிட்ட உடனே ஆடாதீங்க, அது ஒரு பக்கம். குமட்டல் லேசா ஆரம்பிச்சாலே எழுந்துடுங்க, தாங்கிக்கிட்டு ஆடினா பழகாது, மோசமா தான் ஆகும்.

—

பழைய_குவேக்_ஆளு:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எடர்னலை மதிக்கறேன், முடிச்சும் இருக்கேன், ஆனா 2016 கேமை நேசிச்ச ஒருத்தருக்கு இது பிடிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அதுல நமக்கு இருந்த சுதந்திரம், நம்ம இஷ்டத்துக்கு ஒரு துப்பாக்கியை வச்சு ஆடற சுதந்திரம், அதை இதுல எடுத்துட்டாங்க. இந்தப் பேய்க்கு இந்தத் துப்பாக்கி, அந்தப் பேய்க்கு அதுன்னு விடை எழுதி வச்ச பரீட்சை மாதிரி சில நேரம் இருக்கும். வேலை முடிச்சு வந்து ஒரு மணி நேரம் கிடைக்கற மனுஷனுக்கு அது சந்தோஷமா சுமையான்னு அவரே தான் பாக்கணும். சூப்பர் கோர் நெஸ்ட், அதாவது அஞ்சாவது மிஷன், அது வரைக்கும் போய்ப் பாருங்க. அதுல உங்க ரத்தம் சூடாகலைன்னா நிம்மதியா விட்டுடலாம், வேற கேம் இருக்கு.

வேகமும் வேணும் சுதந்திரமும் வேணும்னா டைட்டன்ஃபால் 2 சிங்கிள் பிளேயர் ஆடியிருக்கீங்களா? பாவம் அந்த கேம், 2016 அக்டோபர் கடைசில பேட்டில்ஃபீல்ட் 1 வந்த அடுத்த வாரம் வந்துச்சு, அதுக்கு அடுத்த வாரம் கால் ஆஃப் டியூட்டி, ரெண்டுக்கும் நடுவுல நசுங்கிப் போச்சு. ரெண்டாவது வாய்ப்புக்கு அதை விட தகுதியான ஷூட்டர் எனக்குத் தெரியாது. சுவத்துல ஓடறது, ஒரு பட்டனைத் தட்டினா பாழடைஞ்ச லேப் பழைய காலத்துல பளபளன்னு இருக்கும், திரும்பத் தட்டினா இடிபாடு, அந்த மிஷன் ஒண்ணுக்காகவே ஆடலாம். உங்க கார்டுல பறக்கும்.

—

தேக்கா_டெமன்:

குவேக் அண்ணே, பரீட்சைன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். விடை ஒண்ணுதான்னு கேம் எங்கயும் சொல்லல. ஷீல்டு பிடிச்சு வர்ற சோல்ஜரை பிளாஸ்மா துப்பாக்கியால சுட்டா ஷீல்டு வெடிச்சு சுத்தி நிக்கறவனும் சாவான், அதே ஆளை பின்னாடி சுத்திப் போயும் அடிக்கலாம், சூப்பர் ஷாட்கன்ல இருக்கற கொக்கியை, அதான் மீட்ஹுக், மாட்டி அவன் தலைக்கு மேல பறந்தும் போகலாம். மீட்ஹுக் வந்தப்புறம் எனக்கு கிடைச்ச சுதந்திரம் 2016ல இல்லவே இல்ல, தரையிலேயே கால் படாம ஒரு அரீனா, அதான் ஒரு சண்டைக் களம், முடிக்கலாம். கோடாரியும் ஷீல்டுமா வர்ற பேய், மாராடர் ஒருத்தன் விஷயத்துல மட்டும் நீங்க சொல்றது சரி, அவனை அவன் சொல்ற விதத்துல தான் அடிக்கணும். டைட்டன்ஃபால் 2 பத்தி சொன்னதுக்கு ரெண்டு கையும் தூக்கறேன்.

—

செங்காங்_இரவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல்ல இருந்து ஆரம்பிச்சு இப்ப கல்டிஸ்ட் பேஸ் தாண்டி டூம் ஹன்டர் பேஸும் முடிச்சாச்சு. வார்டு அக்கா சொன்ன பார்வைக் கோணம் தான் முதல்ல மாத்தினேன், 110ல வச்சேன், வித்தியாசம் உடனே தெரிஞ்சுது, முன்னாடி எனக்கு சோர்வுன்னு பட்டது பாதி அதுதான் போல. செயின்சா விஷயம் இன்னொண்ணு. இப்ப தோட்டா பத்தி யோசிக்கறதே இல்ல, தீ வை, பொள, சுடு, தீ வை, பொள, சுடு, விரல் அதுபாட்டுக்குப் போகுது. நேத்து ஒரு அரீனா முடிஞ்சு பாட்டு அடங்கினப்ப தான் மணி பன்னண்டு தாண்டினது தெரிஞ்சுது, பக்கத்து ரூம்ல இருந்து வீட்டுக்காரம்மா "இன்னும் தூங்கலையா"ன்னு மெசேஜ் அனுப்பி இருந்தாங்க.

குவேக் அண்ணே, அஞ்சாவது மிஷன் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லன்னு நினைக்கிறேன், ரத்தம் ஏற்கனவே சூடு தான். டைட்டன்ஃபால் 2 விஷ்லிஸ்ட்ல போட்டுட்டேன்.

ரெண்டு சந்தேகம். மவுஸ்ல பக்கவாட்டுல ரெண்டு பட்டன் இருக்கு, எதை அங்க வைக்கலாம்? அப்புறம் எல்லாரும் பயமுறுத்தற இந்த மாராடரை எப்படி சமாளிக்கறது?

—

வார்டு_நைட்ஷிஃப்ட்:

செயின்சாவும் ஃப்ளேம் பெல்ச்சும் மவுஸுக்கு. அது ரெண்டும் தான் அடிக்கடி தட்டறது, நடந்துக்கிட்டே ஆர் பட்டனுக்கும் சி பட்டனுக்கும் விரல் நீட்டினா நடை தடுமாறும். துப்பாக்கி மாத்த சக்கரத்தைத் திறந்துக்கிட்டு இருக்காதீங்க, முக்கியமான மூணு துப்பாக்கியோட நம்பரை மட்டும் மனசுல ஏத்துங்க, மத்தது தானா வரும். மணிக்கட்டு வலிச்சா அன்னைக்கு போதும்னு மூடிடுங்க.

—

தேக்கா_டெமன்:

மாராடர் ஆறாவது மிஷன் ஏஆர்சி காம்ப்ளெக்ஸ் கடைசில வருவான், அங்க நீங்களும் அவனும் மட்டும் தான், அதனால நிதானமா கத்துக்கலாம். அவன் கிட்ட ரொம்ப ஒட்டினா ஷாட்கன்னால அடிப்பான், ரொம்ப தள்ளிப் போனா கோடாரி வீச்சு வரும், அதனால நடு தூரத்துலயே நில்லுங்க, அவன் பாயும்போது கண்ணு பச்சையா மின்னும், அந்த நொடி சூப்பர் ஷாட்கன். மயங்குவான். மயங்கி நிக்கும்போது பாலிஸ்டா துப்பாக்கியால ஒண்ணு, உடனே மாத்தி திரும்ப சூப்பர் ஷாட்கன் ஒண்ணு, அப்புறம் பின்வாங்கி மறுபடி நடு தூரம். பச்சை வராத நேரத்துல சுட்டா ஷீல்டுல தான் படும், ஷீல்டுல பட்டா ஒரு பேய் நாயை வேற அவுத்து விடுவான். கேம்லயே பெரிய துப்பாக்கியான பிஎஃப்ஜியையும் தடுத்துடுவான், அதை வீணாக்காதீங்க. பின்னாடி வர்ற மிஷன்ல மத்த கூட்டத்தோட சேர்ந்து வருவான், அப்ப மத்த பெரிய ஆளுங்களை முதல்ல முடிச்சுட்டு, ஒரு ஸோம்பியை மட்டும் டாப் அப்புக்கு உயிரோட விட்டுட்டு அவன் பக்கம் திரும்புங்க.