சோனகர் எப்படி 'மூர்' ஆனார்கள்?

நிலாமதி:
இலங்கை முஸ்லிம் ஒருவரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். இனம் என்ற இடத்தில் தமிழில் 'இலங்கைச் சோனகர்', ஆங்கிலத்தில் 'மூர்'. மூர் என்றால் ஸ்பெயினை ஆண்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் இல்லையா? அவ்வளவு தூரத்திலிருந்தா வந்தார்கள்? சோனகர் என்பது அதன் தமிழாக்கமா?

கடலோடி:
ஆட்கள் வரவில்லை, சொல்தான் கப்பலேறி வந்தது. இன்றைய மொராக்கோவையும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியையும் ரோமர்கள் மௌரெத்தானியா என்றார்கள், அந்த ஊர்க்காரர் மௌரஸ். இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்த பெயர் இது, மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 711இல் அங்கிருந்து ஒரு படை ஸ்பெயினுக்குள் போனது, அதற்கப்புறம் ஸ்பெயின், போர்ச்சுக்கல் மக்களுக்கு முஸ்லிம் என்றாலே மூர்தான். 1505இல் இலங்கையில் இறங்கிய போர்ச்சுக்கீசியர் கரையோர முஸ்லிம் வணிகர்களைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஸ்பானியர் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப்போய் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை 'மோரோ' என்றார்கள். அது வசவாக இருந்த சொல், பிறகு அந்த மக்களே அதை எடுத்துக்கொண்டு மோரோ தேசிய விடுதலை முன்னணி என்று இயக்கத்துக்கே பெயர் வைத்தார்கள்.

சொல்வேட்டை:
மேலே சொன்னது சரி, ஆனால் சோனகர் தமிழாக்கம் இல்லை. போர்ச்சுக்கீசியர் வருவதற்கு ஏறக்குறைய 500 ஆண்டு முன்பே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'சோனகன் சாவூர் பரஞ்சோதி' என்று ஒருவர் இருக்கிறார் (அவர் என்ன மதம் என்பதை இந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது). மூலச்சொல் யவனர். அயோனியாவின் (இன்றைய துருக்கியின் மேற்குக் கரை) கிரேக்கர்கள் வடமொழியில் யவனர், பாலியில் யோனர், தமிழில் சோனகர். கேரளக் கரையிலிருந்த முசிறித் துறைமுகத்துக்கு மிளகு வாங்க வந்த யவனர்கள் நின்றுபோனார்கள், அதே மேற்குக் கடல் வழியாக அரபிகள் வந்தார்கள், பழைய பெயர் புது ஆட்கள்மேல் ஒட்டிக்கொண்டது. மலையாளத்தில் ஜோனகர், கொல்லத்தில் ஜோனகப்புரமே இருக்கிறது. சிங்களத்தில் யோனக.

முத்து:
அப்படியானால் தமிழில் கிரேக்கன் பெயர், ஆங்கிலத்தில் ஆப்பிரிக்கன் பெயர். நடுவில் அரபியைக் காணோமே!

கரையூரான்:
நான் சோனகன்தான். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெரு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் தன்னை மூர் என்று சொல்லிக் கேட்டதில்லை, ஆங்கிலப் படிவம் நிரப்பும்போது மட்டும் அந்தப் பெயர் வரும்.