12 போர் டபுள் பேரலுக்கு எந்தத் தோட்டா? கொஞ்சம் அவசரம்

காவிரிக்கரை:
வணக்கம். தாத்தாவோட 12 போர் (குழல் துளை அளவு) டபுள் பேரல் துப்பாக்கி, வாரிசு லைசென்ஸ் இப்பதான் என் பேருக்கு வந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை கிளப்புல பறக்க விடற களிமண் தட்டு சுடணும். கடையில 70 மி.மீ. தோட்டா இருக்கு. ஒண்ணைப் போட்டுப் பார்த்தாங்க, சுலபமா உள்ள போச்சு, துப்பாக்கியும் மூடுச்சு. வாங்கிடலாமா? ரவை (தோட்டாக்குள்ள இருக்கற சின்ன ஈயக்குண்டு) எந்த நம்பர்?

ரவைப்பை:
எந்த ஊர் துப்பாக்கி? குழலடியில என்ன முத்திரை? சேம்பர் (குழல்ல தோட்டா உட்கார்ற இடம்) எவ்வளவு நீளம்? டிராப்பா (தட்டு நம்மை விட்டு விலகிப் போற ஆட்டம்), ஸ்கீட்டா (தட்டு குறுக்கே போற ஆட்டம்)? இதெல்லாம் சொல்லாம எப்படிங்க பதில் சொல்றது?

மலைச்சாரல்:
மூடுதுன்னா சரிதான் தம்பி. 12 போருன்னா 12 போர்தான். ரவை எடை 36 கிராமா வாங்குங்க. ரவை கூடுனா தட்டு தப்பாது.

இரட்டைக்குழல்:
இந்தக் கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாதவர் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது. இருந்தாலும் சொல்கிறேன். தோட்டாவில் போட்டிருக்கும் 70 என்பது சுட்ட பிறகு வாய் மடிப்பு விரிந்த நீளம். சுடாத தோட்டா 58 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதனால் 65 மி.மீ. சேம்பரிலும் தாராளமாக உட்காரும், துப்பாக்கியும் மூடும். சுடும்போது மடிப்பு விரிந்து, சேம்பர் முடிந்து குழல் குறுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ரவையும், அதற்குப் பின்னால் இருக்கும் வாட் என்ற அடைப்பும் அந்த இடுக்கில் நெருக்கிப் போவதால் அழுத்தம் ஏறும். ஆகவே மூடுகிறது என்பது ஒரு சான்றே அல்ல. மலைச்சாரல் சொல்லும் 36 கிராமைப் பழைய 65 துப்பாக்கியில் போடவே கூடாது.

ரவைப்பை:
அண்ணன் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம்தான் வேண்டாம். புதுசா வர்றவங்க கேட்கத்தான் செய்வாங்க.

காவிரிக்கரை, குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்க. இங்கிலாந்து துப்பாக்கின்னா கிரீடத்துக்குக் கீழ என்.பி. அல்லது பி.என்.பி. (லண்டன்ல சோதிச்சதுன்னா வாள் பிடிச்ச கைக்குக் கீழ என்.பி.) இருக்கணும். புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிச்சதுன்னு அர்த்தம். அது இல்லாட்டி இன்னைக்குக் கடையில விக்கிற எந்தத் தோட்டாவும் வேண்டாம். பக்கத்துல 2½ (அங்குலம்), 3 டன் (அழுத்தம்)னு இருந்தா 65 மி.மீ. சேம்பர். 2¾, 3¼ டன்னு இருந்தா 70. முத்திரை தேய்ஞ்சு போயிருந்தா, 20 மி.மீ. அகலத்துல கெட்டி அட்டை வெட்டி, காலிக் குழல்ல பின்பக்கமா விட்டு, எங்க நிக்குதுன்னு அளங்க. அது தோராயம்தான். அளவுக்கருவி (கேஜ்) வச்சிருக்கிற கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி பழுது பார்க்கிறவர்) காட்டிடுங்க, யாராவது சேம்பரை நீட்டியிருந்தாலும் அவர் கண்டுபிடிச்சிடுவார். குழல் மேல மரத்து ரேகை மாதிரி சுருள் கோடு தெரிஞ்சா டமாஸ்கஸ் (இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செஞ்ச பழைய குழல்), அவர் பார்க்காம சுடவே வேண்டாம்.

பனங்காடு:
நம்பர் யாருமே சொல்லலியே. டிராப்புக்கு 7½. சர்வதேசப் போட்டி விதிப்படி ரவை எடை 24.5 கிராமுக்கு மேல போகக்கூடாது. பழகறதுக்கும் 24 கிராம் போதும், தோளும் தாங்கும். ஸ்கீட்னா 9.

மலைச்சாரல்:
7½ ரொம்பப் பொடி. 6 போட்டாத்தான் தட்டு தூளாகும்.

பனங்காடு:
விதியில ரவை விட்டம் 2.6 மி.மீ. தாண்டக்கூடாதுங்க. அமெரிக்க 6 கிட்டத்தட்ட 2.8, நேரா வெளிய. அதே எடையில ரவை பெருசானா எண்ணிக்கை குறையும், நடுவுல ஓட்டை விழும், தட்டு அந்த வழியா தப்பிச்சிடும்.

இரட்டைக்குழல்:
எந்த நாட்டு நம்பர் என்று சொல்லாமல் பேசுவதில் பயனில்லை. இங்கிலாந்து 6 என்றால் 2.6 மி.மீ. அமெரிக்க 7½, இங்கிலாந்து 7 இரண்டுமே 2.4தான்.

மலைச்சாரல்:
நம்ம ஊர் கடையில அந்தக் காலத்துலேர்ந்து இங்கிலாந்து நம்பர்தான் ஐயா. நான் சொன்னது அந்த 6.

பனங்காடு:
வெளிநாட்டுச் சரக்கும் வருதே. பெட்டியில மி.மீ. போட்டிருப்பாங்க, அதைப் பார்த்து வாங்கினா இந்தச் சண்டையே வேண்டாம்.

ரவைப்பை:
காவிரிக்கரை, வீட்ல தாத்தா காலத்துத் தோட்டா ஏதாவது கிடக்கா? பித்தளையில பச்சை பூத்திருந்தாலோ, அட்டை ஊதியிருந்தாலோ சுடாதீங்க. லைசென்ஸ் பெற்ற கடையிலேயோ ஸ்டேஷன்லயோ கேட்டு ஒப்படைச்சிடுங்க. 20 போர் தோட்டா ஒண்ணுகூட கலந்திருக்கக் கூடாது. 12 போர் குழல்ல அது வழுக்கி உள்ள போய் மாட்டிக்கும், வெளிய தெரியாது. பின்னால 12 போட்டுச் சுட்டா குழல் வெடிச்சிடும். அதுக்காகத்தான் 20 போரை மஞ்சள்ல செய்யறாங்க.

காவிரிக்கரை:
பார்த்துட்டேன். கிரீடம், பி.என்.பி., 2½, 3 டன். கன்ஸ்மித்தும் 65ன்னுதான் சொன்னார், சுருள் கோடு இல்ல. 70 வேண்டாம்னுட்டேன். 65 மி.மீ., 24 கிராம், 2.4 ரவை சொல்லி வச்சிருக்கு. டிராப்தான். வலது குழல் ஹாஃப் சோக் (குழல் வாய்க் குறுக்கம்), இடது ஃபுல் சோக்காம். நன்றி.

ரவைப்பை:
டிராப்புக்கு நல்ல ஜோடி. முன் விசை வலது குழல், முதல்ல அதையே இழுங்க. பெட்டியில 65 மி.மீ. சேம்பருக்கு ஏற்றதுன்னு எழுதியிருக்கான்னு கடையிலயே படிச்சிடுங்க. சத்தம் டப்புன்னு வராம புஸ்ஸுன்னு வந்தா, உடனே நிறுத்தி, குழல் வாயை ரேஞ்ச் பக்கமே வச்சுக் கொஞ்சம் பொறுத்துத் திறங்க. ரெண்டு தோட்டாவையும் எடுத்துட்டு, பின்பக்கமா குழல்ல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. வாட் உள்ள நின்னிருந்தா அடுத்த வெடியில குழல் புடைச்சிடும்.